சவரிமுத்துவின் பெயர் மூன்று பட்டியலில் இருந்தது

அன்று சவரிமுத்துவின் கதவுக்கு வெளியே இருபத்திரண்டு செருப்புகள் கிடந்தன.

நல்ல மழை. தோட்டத்து லயத்தின் இஸ்தோப்பு ஒடுக்கமான திண்ணைதான். கூரைத் தகரம் ஓரத்தில் துருப்பிடித்துப் போயிருந்ததால் பாதிச் செருப்புகள் சாரலில் நனைந்துகொண்டிருந்தன. என்னுடையதைக் காலால் சுவரோரமாகத் தள்ளிவிட்டுத்தான் எண்ணினேன். இருபத்திரண்டு. வீட்டுக்காரரின் ஜோடியைச் சேர்க்கவில்லை. அப்படியானால் என்னோடு சேர்த்துப் பதினொரு பேர். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராவுக்குள், நோயாளியையும் அவருடைய கட்டிலையும் தவிர்த்து, பதினொரு பேர்.

நான்கு பேர் மாதா கோயிலிலிருந்து வந்திருந்தார்கள். என்னையும் சேர்த்து மூன்று பேர் கல்கோயில்காரர்கள். மற்ற நான்கு பேர் டவுன் பாதையில் இருக்கும் ஜெபவீட்டுச் சபையினர். ஒரே ஞாயிற்றுக்கிழமை, ஒரே மூன்று மணிக்கு, ஒரே நோயாளியைப் பார்க்க மூன்று கூட்டமும் புறப்பட்டிருக்கிறது. ஒருவர் வருவது மற்றவருக்குத் தெரியாது.

சவரிமுத்து வலது காலை ஒரு பிஸ்கட் டின்னின் மேல் தூக்கி வைத்தபடி கட்டிலில் சாய்ந்திருந்தார். சீனி வருத்தத்தில் பாதத்தில் வந்த புண். ஆறவும் இல்லை, பெருகவும் இல்லை, வருஷக்கணக்காக அவரோடு குடியிருந்தது.

“பெரட்டுக்கு ஆள் சேந்துருச்சு,” என்றார் என்னைப் பார்த்து. “பேர் வாசிங்க கிளாக்கரய்யா.”

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு பைகளைத் திறந்தார்கள். மூன்று பைகளிலிருந்தும் கட்டுத்துணிச் சுருள், மூன்று பைகளிலிருந்தும் மஞ்சள் களிம்பு, மூன்று பைகளிலிருந்தும் மாரி பிஸ்கட்.

சவரிமுத்து எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்தார். “எனக்கு ஒரு கால்லதாங்க புண்ணு. நீங்க மூனு காலுக்கு மருந்து கொண்டாந்திருக்கீங்க.”

அதற்கும் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. வராமல் இருந்திருக்கலாம்.

எண்ணும் பழக்கம்

சென்ற வாரம் இந்தப் பத்தியில் தொழிற்சாலைச் சங்கைப் பற்றி எழுதியிருந்தேன். நாளுக்கு ஐந்து தடவை ஊதியது என்பது தவறு, நான்கு தடவைதான் என்று ஹட்டனிலிருந்து ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். அவர் எந்தத் தோட்டம் என்று எழுதவில்லை. எங்கள் தோட்டத்தில் ஐந்து. நான் எண்ணியிருக்கிறேன்.

எண்ணுவது எனக்குத் தொழிலால் வந்த பழக்கம். வீட்டிலிருந்து பஸ் தரிப்பிடம் வரை முந்நூற்றுப் பத்து காலடி. முட்டி வலி வந்த பிறகு முந்நூற்று அறுபது. என் மனைவி இருந்த காலத்தில், “பிரசங்கம் என்ன சொல்லிச்சு?” என்று கேட்பாள். எத்தனை பேர் வந்திருந்தார்கள் என்றுதான் என்னால் சொல்ல முடியும்.

பொகவந்தலாவைப் பக்கத்தில் ஒரு தோட்டத்து ஆபீசில் நாற்பது வருஷம் கிளாக்கராக இருந்தேன். கடைசிப் பதினாறு வருஷம் பெரிய கிளாக்கர். என் மேசைக்கு வந்தவை எல்லாம் பெயர்கள்தாம். ஒரு தொழிலாளி ஒரு நாள் வேலை செய்தால் அதை ஒரு பேர் என்பார்கள். காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களைப் பிரித்து அனுப்பும்போது கணக்கப்பிள்ளை குறிப்பார், மாலையில் அது என் செக்ரோல் பதிவேட்டில் ஏறும்.

அந்த வேலையில் கொலைக்கு அடுத்த குற்றம் ஒன்று உண்டு. ஒரே ஆளின் பெயர் ஒரே நாளில் இரண்டு பிரிவுகளில் விழுவது. இரட்டைப் பெயர். அதைக் கண்டுபிடித்து, ஒன்றை விட்டு மற்றதைச் சிவப்புப் பேனாவால் வெட்ட வேண்டும். நாற்பது வருஷத்தில் ஒரு இரட்டைப் பெயரும் என் கையைத் தாண்டிப் போனதில்லை. ஓய்வு பெற்ற நாளில் துரை அதைச் சொல்லித்தான் மாலை போட்டார். நானும் தலையை நிமிர்த்தி வாங்கிக்கொண்டேன்.

அரைப்பேர்

சவரிமுத்துவுக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அவர் முதலில் மலையில் கவ்வாத்து வெட்டினார், பிறகு தொழிற்சாலையில் அடுப்புக்கு விறகு போட்டார். நாற்பது வருஷம் அவரை ‘நீ’ என்றுதான் கூப்பிட்டேன். எழுத உட்கார்ந்தால்தான் ‘அவர்’ வருகிறது.

அவர் மலையில் வேலை செய்த காலத்தில் ஒரு நாள் பெரட்டுக்குப் பத்து நிமிஷம் பிந்தி வந்தார். மனைவி ஞானம்மாவுக்குப் பிரசவ வலி. டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறார். அன்றைக்கு நான்தான் களத்தில் நின்றேன். பிந்தியவர்களுக்கு அரைப்பேர், அதாவது அரை நாள் கூலி, என்று சட்டம். அரைப்பேர் போட்டேன்.

அன்று பிறந்தவள்தான் அவருடைய ஒரே மகள் ஜெபமணி.

அதற்குப் பிறகு என்னை எங்கே பார்த்தாலும், கடைத்தெருவோ கல்யாண வீடோ, அவர் அதைச் சொல்லாமல் விட்டதில்லை. “நம்ம கிளாக்கரய்யா இருக்காங்களே, எம்மக பொறந்த அன்னைக்கு எனக்கு அரைப்பேர் போட்ட மகராசன்!” சொல்லிவிட்டுப் பெரிதாகச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். முப்பது வருஷத்துக்கு மேல் அப்படி ஓடியது.

மூன்று கோயில்

எங்கள் பள்ளத்தாக்கில் பெரும்பாலானவர்கள் மாரியம்மன் கோயில்காரர்கள். கிறிஸ்தவர்கள் எல்லோரையும் சேர்த்தாலும் நூற்றுக்குக் கொஞ்சம் மேலேதான் குடும்பங்கள் வரும். அந்த நூற்றுச் சொச்சத்துக்கு மூன்று ஆலயம்.

மேட்டில் மாதா கோயில். நடுவில், வெள்ளைக்காரத் துரைமார் தங்களுக்காகக் கட்டி விட்டுப்போன கல்கோயில். கீழே டவுன் பாதையில், தகரக் கூரை போட்ட ஜெபவீடு. மாதா கோயில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி வைத்தால், ஜெபவீட்டில் அதே நாளில் உபவாசக் கூட்டம் வைப்பார்கள். நாங்கள் கல்கோயில்காரர்கள் சத்தம் போட மாட்டோம், மனு எழுதுவோம். எங்கள் கல்லறைக்கும் மாதா கோயில் கல்லறைக்கும் நடுவே உள்ள வேலி யாருடைய பக்கம் நகர்ந்தது என்பது பற்றி மட்டும் நான் பதினெட்டு மனு எழுதியிருக்கிறேன்.

மாரியம்மன் கோயில் பூசாரி ஒருநாள் பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்டார். “ஏங்க, ஒங்க சாமி ஒன்னுதானேங்க? ஒரு மழைக்கு எதுக்கு மூனு குடை?”

எனக்குக் கோபம் வந்தது. பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

கால் இடம் கொடுத்தவரை இந்த மூன்று இடத்துக்கும் போய்வந்த ஒரே மனிதர் சவரிமுத்து. கேலி செய்தவர்கள் உண்டு, கேக்குக்காகப் போகிறார் என்று. உண்மை அதுவல்ல. அவர் பிறந்தது மாதா கோயிலில். அவருடைய அம்மா அங்கே மெழுகுவர்த்தி ஏற்றிய இடத்தில் அவரும் ஏற்றுவார். ஞானம்மா எங்கள் கோயில்காரி, எங்கள் கல்லறையில் கிடக்கிறாள். அதனால் ஞாயிறு காலை எங்களோடு. ஜெபமணி வளர்ந்து ஜெபவீட்டில் ஞானஸ்நானம் எடுத்தவள். வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போன பிறகு, அந்தச் சபையைச் சேர்ந்த எஸ்தரின் போனுக்குத்தான் வாரம் ஒருமுறை குரல் பதிந்து அனுப்புவாள். சவரிமுத்துவிடம் போன் கிடையாது. அதனால் வெள்ளி மாலை அங்கே.

தாய், தாரம், மகள். ஆளுக்கொரு கோயில். அவர் யாரையும் விடவில்லை.

ஒரே அண்டா

அந்த ஞாயிற்றுக்கு முன்பே அந்த மழை வந்தது. எந்த மழை என்று இந்தப் பக்கத்து வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மலையில் மண் இளகி, இரண்டு லயங்கள் இருந்த இடம் தெரியாமல் போயின. தப்பியவர்களைப் பாடசாலையில் தங்க வைத்தார்கள்.

மூன்று கோயில்காரர்களும் தனித்தனியாகத்தான் சமையல் சாமான்களோடு போய்ச் சேர்ந்தோம். பெரிய அண்டா மாதா கோயிலில் மட்டும் இருந்தது. எங்கள் கோயிலில் அரிசி இருந்தது. மழையில் நனையாத விறகு ஜெபவீட்டில். வேறு வழியில்லாமல் ஒன்றாகச் சமைத்தோம். இருபத்து மூன்று நாள்.

மாதா கோயில் ஃபாதரும் ஜெபவீட்டுப் பாஸ்டரும் ஒரே சாக்கில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்ததை நான் பார்த்தேன். முன்பெல்லாம் எதிரே வந்தால் பாதை மாறிப் போகிறவர்கள். பாஸ்டர் தோலைத் தடிப்பாகச் சீவுகிறார் என்று ஃபாதர் கிண்டல் செய்தார். எங்கள் போதகர் தேங்காய் துருவினார். சாப்பிட்டவர்களில் யார் எந்தச் சாமி என்று ஒருவரும் கேட்கவில்லை. பூசாரியே வந்து இரண்டு நாள் சாம்பார் வைத்துக் கொடுத்தார்.

அந்த இருபத்து மூன்று நாளும் நான் சந்தோஷமாக இருந்தேன். மண்ணுக்குள் போனவர்களை வைத்துக்கொண்டு அப்படிச் சொல்வது கேவலம்தான். ஆனாலும் உண்மை.

முகாம் கலைந்ததும், இதை விட்டுவிடக் கூடாது என்று மூன்று கோயிலும் சேர்ந்து ஒரு ஐக்கியக் குழுவை அமைத்தோம். தோட்டத்தில் துணையில்லாமல் கிடக்கும் முதியவர்கள், நோயாளிகள் எல்லோரையும் வாராவாரம் போய்ப் பார்ப்பது, புண்ணுக்கு மருந்து கட்டுவது, கிளினிக் மாத்திரை வாங்கிக் கொடுப்பது. என்னைச் செயலாளராகப் போட்டார்கள். ஆனால் ஒவ்வொரு கோயிலும் தன் பழைய பட்டியலை வைத்துக்கொண்டே போய்வந்தது. அதனால்தான் அந்த ஞாயிறு, இருபத்திரண்டு செருப்புகள்.

நான் குழுவில் எழுந்து சொன்னேன். “ஒருத்தருக்கு மூனு கோயிலும் போறோம். மேல்பிரிவுல பேர் இருந்தும் ஒருத்தரும் போகாத வீடு இருக்கு. பட்டியல ஒன்னாக்கணும். ஒரு ஆளுக்கு ஒரு கோயில். இரட்டைப் பேரு இருக்கக் கூடாது.”

எல்லோரும் கைதட்டினார்கள்.

மூன்று மாலை

முதலில் நான் லயம் லயமாக ஏறி இறங்கி ஆட்களை எண்ணினேன். முப்பத்தெட்டுப் பேர். பட்டியல்களில் மாதா கோயிலுக்குப் பத்தொன்பது பெயர், எங்களுக்குப் பதினான்கு, ஜெபவீட்டுக்குப் பதினாறு. கூட்டினால் நாற்பத்தொன்பது. ஆக, பதினொரு பெயரை வெட்ட வேண்டும்.

முதல் வாரம் ஃபாதரின் வீட்டில் உட்கார்ந்தோம். மாதா கோயில் பட்டியலையும் எங்கள் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். சவரிமுத்து இரண்டிலும் இருந்தார்.

“ஞானம்மா ஒங்க கல்லறையிலதான இருக்காங்க,” என்றார் ஃபாதர். “அவர் ஒங்க ஆளுதான். நீங்களே பாத்துக்குங்க. நாங்க போட்டிக்கு வரல.”

மாதா கோயில் பட்டியலில் வெட்டினேன். திருத்திய தாளை ஃபாதர் தன் அலமாரியில் வைத்துக்கொண்டார். திருத்தாத பிரதி ஒன்று என் பையில் கிடந்தது.

அடுத்த வாரம் எங்கள் போதகரோடு. எங்கள் பட்டியலும் ஜெபவீட்டுப் பட்டியலும்.

“மகளோட குரல் எஸ்தருக்குத்தானே வருது,” என்றார் போதகர். “அவங்க போனாத்தான் அவருக்குச் சந்தோஷம். விட்டுக் குடுத்துருவோம் ஐயா.”

எங்கள் பட்டியலில் வெட்டினேன்.

மூன்றாம் வாரம் ஜெபவீட்டில். பாஸ்டர் தேத்தண்ணி கொடுத்தார். அவர்களுடைய பட்டியலுக்குப் பக்கத்தில், என் பையிலிருந்த மாதா கோயில் பட்டியலை விரித்தேன். பழைய பிரதி. திருத்தாதது. அதில் சவரிமுத்துவின் பெயர் சுத்தமாக, ஒரு கீறலும் இல்லாமல் நின்றது.

“அவரு பொறந்த கோயில் அதுதானேங்க,” என்றார் பாஸ்டர். “நாங்க ஆள் புடிக்கிறோம்னு ஏற்கெனவே ஒரு பேச்சு இருக்கு. இப்பத்தான் ஒன்னா இருக்கோம். அவங்களே பாக்கட்டும்.”

பேனா ஒரு கணம் நின்றது. அதை மறைக்க மாட்டேன். இவரை எங்கோ வெட்டினோமே என்று ஒரு நினைப்பு வந்தது. ஆனால் தாளில் பெயர் இருந்தது. நான் வளர்ந்த ஆபீசில் ஞாபகத்துக்கு மதிப்பில்லை. தாளில் இருப்பதுதான் ஆள். வெட்டினேன்.

மூன்று மாலையும் மூன்று பேரும் காட்டியது அன்புதான். முந்திய காலமாக இருந்தால் மூவரும் அவருக்காகச் சண்டை போட்டிருப்பார்கள்.

இதைவிட மோசமான ஒன்றை இன்னும் சொல்லவில்லை. ஃபாதரிடமிருந்து திருத்திய தாளை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, மூன்றையும் சேர்த்துப் புதிய பட்டியலைக் கூட்டினேன். முப்பத்தெட்டு வர வேண்டும். முப்பத்தேழு வந்தது.

இரண்டாம் தடவை கூட்டினேன். முப்பத்தேழு. மேல்பிரிவு கறுப்பையா அந்த மாதம்தான் இறந்துபோயிருந்தார். சரி, அதுதான் குறைகிறது என்று எண்ணிப் பேனாவை மூடினேன். கறுப்பையா இறந்த பிறகுதான் நான் லயம் லயமாக எண்ணத் தொடங்கினேன் என்பது எனக்கு அப்போது நினைவில் வரவில்லை. முப்பத்தெட்டில் அவர் இல்லை.

நாற்பது வருஷம் சரியாக எண்ணியவன், எண்ணிக்கை தவறு என்று கண்ணுக்கு முன்னால் தெரிந்தும், செத்துப்போன ஒருவரைக் கொண்டுவந்து அதைச் சரிக்கட்டினேன்.

ஆறு வாரம்

பட்டியல் மாறுவதற்கு முன் கடைசியாக நான் போனபோது சவரிமுத்துவிடம் சொன்னேன். “இனிமே ஒனக்கு ஒரே கோயில்தான் சவரி. வாராவாரம் வருவாங்க.”

“எந்தக் கோயிலுங்க?”

“அதெல்லாம் பட்டியல்ல இருக்கு.”

“பட்டியல்ல இருந்தா சரிங்க,” என்றார்.

அதன் பிறகு ஆறு வாரம் அவருடைய காம்பராவுக்கு யாரும் போகவில்லை.

பன்னிரண்டு காம்பரா உள்ள லயம் அது. மேலே மலையில் வெடிப்பு விழுந்ததால் இருக்க வேண்டாம் என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். பத்துக் குடும்பம் போய்விட்டது. மிஞ்சியது இரண்டு. சவரிமுத்துவும், கொழுந்து எடுக்கும் செல்வியின் குடும்பமும். செல்வி விடிந்ததும் அவருக்கு ரொட்டியும் தண்ணீரும் வைத்துவிட்டு மலைக்குப் போவாள், அந்தி சாய்ந்து வருவாள்.

அது மலை ஏறும் யாத்திரைக்காரர் நல்லதண்ணிக்குப் போகும் பருவம். எங்கள் பாதை பஸ்களைப் பாதிக்குமேல் அங்கே திருப்பிவிடுவார்கள். ஒரு பிற்பகல் ஒன்றேகால் மணி நேரமாகப் பஸ்ஸுக்காக நின்று, எல்லோரையும் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். செல்வி கொழுந்துச் சாக்கைத் தோளில் போட்டபடி வந்தாள்.

“கிளாக்கரய்யா, ஒங்க ஆளுங்ககிட்ட கொஞ்சம் நல்லா மருந்து கட்டச் சொல்லுங்க. சவரி மாமா காம்பரா பக்கம் போக முடியலைங்க. நாத்தம்.”

“எந்த ஆளுங்க?”

“அதாங்க, கோயில் ஆளுங்க. நாங்க மலைக்குப் போன பொறவு பகல்ல வந்துட்டுப் போறாங்கல்ல?”

“யாரு சொன்னா?”

“மாமாதான். ‘முறை வச்சிருக்காங்க, எம்முறை வரும்’ங்குது.”

நான் பஸ்ஸை விட்டுவிட்டேன். தரிப்பிடத்திலிருந்து அந்த லயத்துக்கு ஏற அறுபத்து நான்கு படி. எண்ணிக்கொண்டே ஏறியதற்காக இன்றும் என்னை நானே வெறுக்கிறேன்.

அவர் அதே கட்டிலில், அதே பிஸ்கட் டின்னின் மேல் காலை வைத்துக்கொண்டிருந்தார். விரல்கள் கறுத்திருந்தன. மாத்திரை அட்டை காலியாகத் தலையணை பக்கத்தில் கிடந்தது. அதை அவர் எறியவில்லை. வருகிறவர்களிடம் காட்டுவதற்காக வைத்திருந்தார்.

“வந்துட்டீங்களா,” என்றார். “கல்கோயிலுக்குத்தான் விழுந்துச்சா?”

ஆறு குரல்

ஆஸ்பத்திரியில் வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்தார்கள். வேறு வழியில்லை என்று சொன்னார்கள், இருந்திருக்காது.

மறுநாள் பார்வை நேரத்தில் கட்டிலைச் சுற்றி மூன்று கோயில்காரர்களும் நின்றோம். ஃபாதர், பாஸ்டர், எங்கள் போதகர், பெண்கள். பதினொரு பேர்தான் என்று நினைக்கிறேன். அன்று சரியாக எண்ணவில்லை.

தாதி ஒருத்தி வந்தாள், சேர்த்த அன்று புண்ணின் பழைய கட்டைப் பிரித்தவள் அவளாக இருக்க வேண்டும். எங்களை ஏதோ வழிப்போக்கர்கள் என்று எண்ணி, அவரிடமே சிங்களத்தில் கேட்டாள். “சீயாட்ட கவுருத் நெத்த?” தாத்தாவுக்கு யாருமே இல்லையா என்று.

பதினொரு பேரும் தரையைப் பார்த்தோம்.

எஸ்தர் அழுதுகொண்டே போனை எடுத்தாள். ஜெபமணியின் குரல்கள் ஆறு அதில் சேர்ந்து கிடந்தன. எஸ்தரின் சபைப் பட்டியலில் சவரிமுத்து இல்லாததால், மாதா கோயில்காரர்கள் போவார்கள், அவர் நலமாக இருப்பார் என்று எண்ணியிருக்கிறாள். “இன்னைக்குப் போவோம் நாளைக்குப் போவோம்னு இருந்துட்டேன் மாமா,” என்றாள்.

அவர் போனை மார்பில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். முதல் இரண்டும் வழக்கமானவை. சாப்பிட்டியா, இங்கே வெயில், மேடத்தின் பிள்ளைக்குக் காய்ச்சல். மூன்றாவதில், ஏன்ப்பா பதில் இல்லை. நான்காவதில், என்ன கோவம், நான் என்ன செஞ்சேன். ஐந்தாவதில் பேச்சே இல்லை, மூக்கு உறிஞ்சும் சத்தம் மட்டும்.

ஆறாவது சின்னது. “சரிப்பா. நீ பேசாட்டிப் போ. மாத்திரைய மட்டும் போடு.”

அவர் போனை எஸ்தரிடம் நீட்டினார். “கால் விஷயம் சொல்லாதம்மா,” என்றார். “வேலைய வுட்டுட்டு வந்துருவா.”

எட்டு வார்த்தை

அந்த வாரமே குழு கூடியது. நடந்ததைச் சொன்னேன். மூன்று தாளையும் மேசையில் வைத்தேன். மூன்று சிவப்புக் கோடு.

மூவரும் தாள்களைக் கையில் எடுத்துப் பார்த்தார்கள். பிறகு பாஸ்டர், “ஒன்னா இருக்கிற எடத்துல பிசாசு எப்படி நுழையிறான் பாருங்க,” என்றார்.

“பிசாசு இல்லைங்க,” என்றேன். “நான்.”

“அப்படிச் சொல்லாதீங்க ஐயா,” என்றார் ஃபாதர். “நாங்களும்தான் விட்டுக் குடுத்தோம். யாரையும் குறை சொல்ல வேணாம்.”

“குறிப்புல எழுதணும்,” என்றேன்.

எங்கள் போதகர் என் கையைப் பிடித்தார். நல்ல மனிதர், என் மகன் வயது. “வேணாம் ஐயா. இது வெளிய போனா மூனு சபையிலும், ‘பாத்தீங்களா, ஒன்னாச் சேந்தா இப்படித்தான்’னு சொல்லுவாங்க. ஐக்கியம் இப்பத்தான் வேர் புடிக்குது.”

அவர் சொன்னதும் பொய்யல்ல. பழைய வேலிச் சண்டைக்குத் திரும்பப் போகக் காத்திருந்தவர்கள் மூன்று பக்கமும் இருந்தார்கள். நான் எழுதிய குறிப்பு இது: “ஒரு நோயாளியின் பராமரிப்பில் ஏற்பட்ட தாமதம் குறித்துக் கவலை தெரிவிக்கப்பட்டது.”

எட்டு வார்த்தை. அதில் சவரிமுத்து இல்லை. நாலாவது தடவையாக அவரை வெட்டினேன்.

குழு இன்றும் நடக்கிறது. நன்றாகவே நடக்கிறது. முப்பத்தெட்டுப் பேரை வாராவாரம் பார்க்கிறார்கள். போன நத்தார்ப் பண்டிகைக்கு மூன்று கோயில் பாடகர்களும் சேர்ந்து லயம் லயமாகப் பாடினார்கள். வட்டகொடையிலிருந்து வந்திருந்த என் மகள் கண் கலங்கினாள். நான் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டேன்.

கதவுக்கு வெளியே

அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பதினைந்து நாள் கழித்துத்தான் எனக்குப் போகத் துணிவு வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை.

இஸ்தோப்பில் ஒரு சக்கர நாற்காலி நின்றது. மூன்று கோயிலும் சேர்ந்து கொடுத்தது. முதுகில் மூன்று பெயரும் வெள்ளைப் பெயின்டால் எழுதியிருந்தது. அறுபத்து நான்கு படி உள்ள லயத்தில் அதை எங்கே உருட்டுவது என்று யாரும் யோசிக்கவில்லை. செல்வி அதில் துணி காயப் போட்டிருந்தாள்.

“குந்துங்க,” என்றார் சவரிமுத்து. குந்தினேன்.

“சவரி, பட்டியல நான்தான் போட்டேன்.”

“தெரியும்ங்க. வேற யாரு பேனாவும் கையுமாத் திரியிறது?”

“மூனுலயும் நான்தான் வெட்டினேன். ஒன்னுலயாவது இருக்கான்னு பாக்கல.”

அவர் வெளியே மழையைப் பார்த்தார். பிறகு சொன்னார். “ஜெபமணி பொறந்த அன்னைக்கு அரைப்பேர் போட்டீங்க. இப்ப முழுசாவே வெட்டிட்டீங்க.”

முப்பது வருஷத்துக்கு மேல் அந்தப் பேச்சு வந்தபோதெல்லாம் அவர் சிரிப்பார். அன்று சிரிக்கவில்லை.

வெட்டிய காலின் மேல் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். “காலு போனது கூட இல்லைங்க. அந்த ஆறு வாரமும் நான் என்ன நெனச்சேன் தெரியுமா? மூனு கோயிலுக்கும் மாறி மாறிப் போறானே, இவன் யாரு ஆளுன்னு கேட்டிருப்பாங்க. யாரு ஆளும் இல்லைன்னு முடிவு பண்ணிட்டாங்கன்னு நெனச்சேன்.”

“அப்படி இல்ல சவரி. மூனு பேரும் ஒனக்காகத்தான்...”

“ம்,” என்றார்.  

மன்னிப்புக் கேட்டேன். அவர் மாத்திரை அட்டையைக் காட்டி, “அந்த வெள்ளைய எடுங்க,” என்றார். எடுத்துக் கொடுத்தேன். தண்ணீர் கொடுத்தேன். எஸ்தர் என் போனுக்கு மாற்றி அனுப்பியிருந்த அந்த வாரத்துக் குரலைப் போட்டுக் காட்டினேன். ஜெபமணி அதில் எதற்கோ சிரித்தாள்.

கிளம்பும்போது, “அடுத்த செவ்வாக்கெழம வருவீங்களா?” என்று கேட்டார்.

“வருவேன்.”

“பட்டியல்ல எழுதாதீங்க. சும்மா வாங்க.”

ஒவ்வொரு செவ்வாயும் போகிறேன். முட்டி வலிக்கிறது, படியில் பாசி வழுக்குகிறது, பஸ் நேரத்துக்கு வருவதில்லை. கால் விஷயம் ஜெபமணிக்கு இன்னும் தெரியாது. நாங்கள் அதிகம் பேசுவதில்லை. அரைப்பேர்க் கதையை அவர் அதன் பிறகு ஒருநாளும் எடுக்கவில்லை. அவர் எடுக்க மாட்டாரா என்று காத்திருக்கிறேன்.

வெளியே வரும்போது கதவடியில் குனிந்து செருப்பைத் தேடுவேன். என்னுடையது இரண்டு. பக்கத்தில், பழக்கத்தால் அவர் ஒழுங்காக வைத்திருக்கும் இடது கால் செருப்பு ஒன்று.

மூன்று. தவறாக எண்ணிவிட்டேனோ என்று ஒவ்வொரு செவ்வாயும் மறுபடி எண்ணுகிறேன்.